குற்றாலிங்கம், உயிரோட இருக்கீரா?

கர்ர்ர்ர்... டக். கர்ர்ர்ர்... டக்.

பாளையங்கோட்டையில் வேலாயுதத்தின் கல்யாண மண்டபத்தில் கை நனைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. நாதசுரத்துக்கும் கெட்டிமேளத்துக்கும் அடியில், வயிற்றுக்குள் ஓடும் பசியைப் போல, அது ஓடிக்கொண்டே இருக்கும். மண்டபத்து அலுவலக அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் அது. அந்த ஒரே பெட்டியில், ஒரே பெரிய மென்பொருளாக, மண்டபத்தின் மொத்த வாழ்க்கையும் ஓடியது. முகூர்த்த நாள் யாருக்கு, பந்திக்கு எத்தனை இலை, எப்போது சாம்பார், எப்போது ரசம், பெண் வீட்டார் அறைக்கு எப்போது காபி, எல்லாம் அதுதான் சொல்லும். அது சொன்னால் பரிமாறுகிறவர்கள் வாளியைத் தூக்குவார்கள். சொல்லாவிட்டால் தூக்க மாட்டார்கள். வேலாயுதம் ஒழுங்கில் நம்பிக்கை உள்ளவர்.

அந்தச் சத்தம் நின்றுபோனதை ஆவுடையப்பன் கேட்டது ஒரு நண்பரின் கல்யாணத்தில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில். கர்ர்ர்ர் என்று போனது. டக் வரவே இல்லை. ரச வாளியைத் தூக்கிய ஆட்கள் தூக்கிய கையோடு நின்றார்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றில் குழி பறித்துவிட்டு, அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் மௌனங்கள் பல வகை. ரசம் வராத மௌனம் அவற்றில் ஆழமானது.

அப்போது கடுகு நிறச் சேலை கட்டிய ஒரு பெண் அலுவலக அறையிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். "மிஷின் நின்னா மனுஷனும் நிக்கணுமா?" என்று ஒரு வாளியைப் பிடுங்கிக்கொண்டு, இலை இலையாக ஊற்றிக்கொண்டே வந்து ஆவுடையப்பன் முன்னால் நின்றாள்.

"ரசம்?"

"கம்ப்யூட்டர் இன்னும் சொல்லலையே?" என்றார் ஆவுடையப்பன்.

"நான் சொல்லுதேன்."

"அப்படின்னா சரி," என்று சொல்லி அவர் குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார்.

அவள் சிரித்துவிட்டாள். வேலாயுதத்தின் இளைய மகள் வடிவு அவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதுவரை அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் அவளைச் சிரிக்க வைத்ததில்லை. ஆவுடையப்பனோ அன்றைக்குச் சாப்பிட்ட ரசத்தைப் பிறகு எந்த வீட்டு ரசத்திலும் தேடிக் கிடைக்காமல், நேரே வேலாயுதத்திடம் போய்ப் பெண் கேட்டுவிட்டார்.

"நீரு என்ன தொழில் பாக்கீரு?" என்றார் வேலாயுதம்.

"மென்பொருள் எழுதுதோம், ஐயா."

"அப்ப ஒண்ணு செய்யும். என் மூத்தவ கல்யாணம் வருது. இந்தச் சனியன் பிடிச்ச மிஷின் ஒரு எடத்துல நின்னா மொத்தமும் நிக்குது. ஒரு எடத்துல நின்னாலும் மத்ததெல்லாம் ஓடுற மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு தாரும். மூத்தவ கல்யாணப் பந்தி நல்லபடியா ஓடிச்சுன்னா, அடுத்த முகூர்த்தத்துல வடிவு உமக்கு. ஓடலைன்னா உம்ம மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

கதவோரம் நின்ற வடிவு சொன்னாள்: "எப்பா, அவரு சொன்னதைச் செய்யுற ஆளு. என்ன சொல்லுதீங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் சொன்னதை இரண்டு ஆண்களும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பனின் கம்பெனி ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவரோடு மூன்று பேர்: குற்றாலிங்கம், தேவசகாயம், மீரான். நான்கு பேரும் படித்தவர்கள், நல்லவர்கள், யாரையும் ஏமாற்றத் தெரியாதவர்கள். அவர்களுக்கு ஒரு தொழில் விரதம் இருந்தது. கையால் செய்து பார்க்காத எதையும் கம்ப்யூட்டரில் எழுதக் கூடாது. ஒரு லாட்ஜுக்கு மென்பொருள் எழுதியபோது நால்வரும் ஒவ்வோர் அறையிலும் படுத்துப் பார்த்தார்கள், ஆள் தங்கியிருந்த அறைகள் உட்பட. பல் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதியபோது ஆளுக்கொரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். தேவசகாயத்துக்கு மட்டும் இரண்டு. முதலாவது ஒத்திகைப் பல்.

வேலாயுதம் கேட்ட மாதிரி ஒன்றைச் செய்ய மீரான்தான் வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் தடித்த புத்தகம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். 'சுளுவு' என்ற பிரேம்வொர்க்கின், அதாவது மென்பொருள் கட்டுவதற்கான சட்டகத்தின், கையேடு. பெரிய மென்பொருளை ஒரே மூட்டையாகக் கட்டாமல், சின்னச் சின்னச் சேவைகளாக உடைத்து எழுதுகிறார்கள் அல்லவா, மைக்ரோசர்வீஸ் என்று? அந்த வேலையை எளிதாக்குவதற்கென்றே பிறந்தது சுளுவு. ஒரு சேவை படுத்தாலும் மற்றவை ஓடும்.

கையேட்டின் முதல் வரி: 'சிரமமான வேலைகளைச் சுளுவு பார்த்துக்கொள்ளும்.'

நால்வரும் புத்தகத்தைத் துடைத்து, நல்ல நாற்காலி ஒன்றில் வைத்து, அதன் பக்கமாக விசிறியைத் திருப்பிவிட்டு, எதிரே கைகட்டி உட்கார்ந்தார்கள்.

வெகு நேரம் போனது.

"அண்ணாச்சி, இன்னும் ஆரம்பிக்கலையே," என்றார் தேவசகாயம்.

"எது சிரமமான வேலைன்னு அதுக்கு நாம சொல்லணும்லா?" என்றார் ஆவுடையப்பன். "உமக்கு எதுவே சிரமம்?"

"எனக்குக் காலையில எந்திரிக்கது."

"மீரான்?"

"எனக்கு யோசிக்கதுதான், அண்ணாச்சி."

"குற்றாலிங்கம்?"

குற்றாலிங்கம் நல்ல பருமனான, சாதுவான மனிதர். தனி ஆள். ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரு அறையில் படுத்து, வாழ்க்கையிடம் எதையும் கேட்காமல் இருந்தவர். அவர் நெடுநேரம் யோசித்து, "எனக்கு எல்லாமே கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கு," என்றார்.

அப்படியானால் எல்லாவற்றையும் சுளுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானமாயிற்று. ஒரு வாரம் புத்தகத்துக்கு எதிரே உட்கார்ந்து களைத்த பிறகு, மீரான் தற்செயலாகப் பக்கத்தைத் திருப்பி, "அண்ணாச்சி! உள்ளேயும் எழுதியிருக்கு!" என்று கூவினார்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது: 'ஒவ்வொரு சேவையும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டும்.'

விரதப்படி அதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். அதுநாள் வரை குற்றாலிங்கம்தான் எல்லாருக்கும் டீ போடுவார். இனிமேல் அது கூடாது. குற்றாலிங்கம் தண்ணீர். தேவசகாயம் தேயிலை. மீரான் பால். ஆவுடையப்பன் சீனி. அவரவர் வேலையை அவரவர் பிசகாமல் செய்ய, டீ தயாரானது. ஆவி பறந்தது. நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"குடிக்கது யாரு வேலை?" என்றார் மீரான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

"எனக்குத் தண்ணி மட்டும்தான்," என்றார் குற்றாலிங்கம், டீயை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே.

"குடிக்கதுக்குத் தனியா ஒரு ஆளு எடுக்கணும்," என்று ஆவுடையப்பன் குறித்துக்கொண்டார். டீ ஆறியது. மறுநாளும் ஆறியது.

அடுத்த விதி: 'ஒரு சேவைக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னொன்றுக்குத் தெரியக் கூடாது.' அறையின் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, வேட்டிகளைத் தொங்கவிட்டு, நால்வரும் நான்கு தடுப்புக்குள் போனார்கள். அதற்கடுத்தது: 'ஒவ்வொன்றுக்கும் வேண்டியவை அதனிடமே தனியாக இருக்க வேண்டும்.' ஆளுக்கொரு கடிகாரம், ஆளுக்கொரு காலண்டர், ஆளுக்கொரு சாமி படம் வந்தது. கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தேவசகாயம் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கை கழுவும்போது மீரானுக்கு இன்னும் விடியவில்லை. ஆவுடையப்பனின் காலண்டரில் அமாவாசை. ஆனாலும் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பது அதற்கு உதவியாக இருந்தது.

பிறகு வந்தது பெரிய விதி: 'சேவைகள் ஒன்றோடொன்று செய்தி அனுப்பி மட்டுமே பேச வேண்டும்.'

"செய்தின்னா எப்படி?" என்றார் தேவசகாயம், வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

"இப்படிக் கேக்கக் கூடாதுவே. எழுதிக் கேளும்," என்றார் ஆவுடையப்பன், வேட்டிக்கு இந்தப் பக்கமிருந்து.

தேவசகாயம் ஒரு தபால் அட்டை வாங்கி, 'செய்தின்னா எப்படி?' என்று எழுதி, தெருவில் எதிர்த்தாற்போல் இருந்த தபால் பெட்டியில் போட்டார். அது ஊர் சுற்றி, முத்திரை வாங்கி, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனுக்கு வந்து சேர்ந்தது. 'இப்படித்தான்' என்று அவர் பதில் அட்டை போட்டார். வேலை சூடு பிடித்தது.

வேட்டியும் ஒரு நாள் சூடு பிடித்தது. தேவசகாயத்தின் கொசுவத்திச் சுருள் வேட்டி நுனியைத் தொட்டுவிட, தீ மெல்ல ஏறியது. தேவசகாயம் பதறவில்லை. தண்ணீருக்குப் பொறுப்பு குற்றாலிங்கம். அவருக்கு அட்டை எழுதினார்: 'என் தடுப்பில் தீ. தண்ணீர் தேவை. அவசரம்.' அவசரம் என்பதற்கு அடியில் கோடு போட்டார். போட்டுவிட்டு வந்து பார்த்தபோது வேட்டி முழுக்க எரிந்து, தானே அணைந்திருந்தது. மூன்றாம் நாள் குற்றாலிங்கம் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்த தேவசகாயத்தின் தலையில் கவிழ்த்தார்.

"செய்தி போய்ச் சேருது, அண்ணாச்சி!" என்றார் தேவசகாயம், நனைந்தபடி, கண்ணில் நீர் மல்க.

இப்படி நாட்கள் போக, வடிவு ஒரு தடவை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வேட்டிகளைப் பார்த்தாள். தபால் அட்டைக் கட்டுகளைப் பார்த்தாள்.

"அக்கா கல்யாணத்துக்குள்ள எழுதி முடிச்சிருவீங்களா?"

"எழுதவே ஆரம்பிக்கலை," என்றார் ஆவுடையப்பன் பெருமையோடு. "முதல்ல வாழ்ந்து பாக்கோம்."

"என் வாழ்க்கையும் இதுல மாட்டியிருக்கு. ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் வடிவு. அவர் தலையாட்டினார். அன்று டீயில் இரண்டு தடவை சீனி போட்டுவிட்டார்.

குற்றாலிங்கம் செத்தது அதற்கடுத்த வாரம்.

கையேட்டில் இப்படி இருந்தது: 'சேவைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராத சேவையை இறந்ததாகக் கருதி, அதே போல் இன்னொன்றை எழுப்ப வேண்டும்.' இதை மட்டும் அட்டையில் கேட்டால் சரிவராது என்று, வாய்விட்டுக் கேட்கச் சுளுவு அனுமதிப்பதாக நால்வரும் ஒருமனதாக நம்பினார்கள்.

"தேவசகாயம், உயிரோட இருக்கீரா?"

"இருக்கேன், அண்ணாச்சி."

"மீரான், உயிரோட இருக்கீரா?"

"இருக்கேன், அண்ணாச்சி."

"குற்றாலிங்கம், உயிரோட இருக்கீரா?"

"இருக்கேன். ஏதோ இருக்கேன்."

காலை முதல் மாலை வரை இதே கேள்வி, இதே பதில். கீழே இருந்த பாத்திரக்கடை முதலாளிக்கு நாள் முழுக்க இது காதில் விழுந்தது. பாவம், மேலே யாரோ இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று நினைத்து, கடைப்பையனைக்கூட அனுப்பாமல் தானே போய் ஒரு ரோஜா மாலை வாங்கி வந்து, தண்ணீர் தெளித்துத் தயாராக வைத்திருந்தார்.

ஒரு நாள் கேள்வி போனபோது குற்றாலிங்கம் கழிப்பறையில் இருந்தார். பதில் வரவில்லை. திரும்பக் கேட்டார்கள். வரவில்லை. ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சேவைகளின் பெயர் எழுதியிருந்த பலகையில் குற்றாலிங்கத்தின் பெயரைக் கோடு கிழித்தார். மீரானே குற்றாலிங்கத்தின் மாற்றுப் பிரதியாகவும் இருக்கட்டும் என்று ஏற்பாடானது.

குற்றாலிங்கம் கை கழுவிவிட்டு வந்தார்.

"என்ன, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"நீரு செத்துட்டீருவே," என்றார் தேவசகாயம் மெதுவாக.

"எப்ப?"

"இப்பத்தான். கொஞ்ச நேரம் ஆச்சு."

குற்றாலிங்கம் தன் கையைக் கிள்ளிப் பார்த்தார். "வலிக்குதே, அண்ணாச்சி."

"வலிக்கும்வே. சாவுன்னா சும்மாவா?" என்றார் ஆவுடையப்பன். "உயிரோட இருக்கேன்னு இப்ப நீரு சொல்லலாம். ஆனா கேட்ட நேரத்துல சொல்லலையே. அதுவுமில்லாம உம்ம எடத்துல ஒரு குற்றாலிங்கம் இருக்காரு. குற்றாலிங்கம், உயிரோட இருக்கீரா?"

"இருக்கேன், அண்ணாச்சி. ஏதோ இருக்கேன்," என்றார் மீரான், அதே சாதுவான குரலில்.

குற்றாலிங்கம் அதைக் காது கொடுத்துக் கேட்டார். "என்னைவிட நல்லாச் சொல்லுதாரு," என்று ஒத்துக்கொண்டார்.

படி இறங்கி வரும்போது பாத்திரக்கடை முதலாளி, "மேல யாருங்க?" என்றார்.

"நான்தான்," என்றார் குற்றாலிங்கம்.

வாங்கிய மாலை வீணாகக் கூடாது என்று முதலாளி அதை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். மாலையோடு மெஸ்ஸுக்குப் போன குற்றாலிங்கம் இலை வேண்டாம் என்றார்.

"ஏன், வயிறு சரியில்லையா?" என்றார் மெஸ் ஆச்சி.

"செத்துட்டேன், ஆச்சி."

"செத்தா என்ன? இன்னைக்கு அவியல். சாப்பிட்டுட்டுப் போய்ப் படும்," என்றார் ஆச்சி. அவர் சாப்பிட்டார். இறந்தவர்களுக்கும் பசிக்கிறது என்பதை அன்று அறிந்துகொண்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளும் வழக்கம்போல் ஆபீசுக்கு வந்தார். போக வேறு இடமில்லை. செத்தவருக்கு வேறு வேலையும் இல்லை என்பதால், யாராவது சாகும்போது எழுப்புவதற்கு மாற்றாளாக ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். மாலையை அவர் கழற்றவில்லை.

கல்யாண நாள் வந்தது. மென்பொருள் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆனால் கையால் செய்து பார்ப்பது முடிந்திருந்தது. ஆகவே சேவைகள் தாங்களே கிளம்பி மண்டபத்துக்கு வந்தன. முதல் வேலையாகப் பழைய கம்ப்யூட்டரை அணைத்தார்கள். கர்ர்ர்ர் நின்றது. பந்திக் கூடத்தில் வேட்டிகளைக் கட்டினார்கள். இலைக்கும் தண்ணீருக்கும் மீரான், சோற்றுக்கும் குழம்புக்கும் தேவசகாயம். கூடத்தின் வாசலில் ஆவுடையப்பன். யார் எதைக் கேட்பதாக இருந்தாலும் வாசலில் வந்து அவரிடம்தான் கேட்க வேண்டும், அவர்தான் உரிய சேவைக்கு அனுப்புவார். அதற்கு அடையாளமாக 'வாசல்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குற்றாலிங்கம் மூலையில், ஸ்டூலில்.

"கம்ப்யூட்டர் எங்கவே?" என்றார் வேலாயுதம், மணமேடைக்கு ஓடும் அவசரத்தில்.

"நாங்கதான் ஐயா."

"எதுவானா சரி. ஓடணும்," என்று சொல்லிவிட்டு ஓடினார். தாலி கட்டி, சடங்கெல்லாம் முடியும் வரை அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

முதல் பந்தி உட்கார்ந்தது. முதல் இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. கனத்த மீசை.

"தம்பி, தண்ணி," என்றார்.

"வாசல்ல போய்க் கேளுங்க," என்றார் மீரான் பணிவாக.

பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். ஆவுடையப்பன் அட்டை எழுதி மீரானுக்கு அனுப்பினார். பதில் வரத் தாமதமானது. 'பதில் வராவிட்டால் மறுபடி கேள்' என்பது விதி. மறுபடி எழுதினார். மறுபடியும் எழுதினார். பெரியப்பா திரும்பி வந்து உட்காரும்போது அவர் இலையைச் சுற்றி அகழி மாதிரி டம்ளர் டம்ளராகத் தண்ணீர் நின்றது. சோறு மட்டும் வரவில்லை. பக்கத்து இலையிலும் வரவில்லை. எந்த இலையிலும் வரவில்லை. தேவசகாயம் தனக்கு வந்த அட்டைகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சோறு எங்கய்யா?" என்றார் பெரியப்பா.

ஆவுடையப்பன் கையேட்டை நினைவுபடுத்திக்கொண்டார். 'ஒரு சேவை திணறினால் அதைத் தொந்தரவு செய்யாமல், முன்பு அது கொடுத்த பதிலையே எடுத்துக் கொடு.' போன வாரம் ஒத்திகையில் தேவசகாயம் கொடுத்த பதில் அவரிடம் பத்திரமாக இருந்தது.

"சோறு போட்டாச்சு, ஐயா."

பெரியப்பா வெறுமையாகக் கிடந்த வாழையிலையைப் பார்த்தார். கையால் தடவியும் பார்த்தார். "எங்க?"

"இது பழைய பதில். ஆனா நல்ல பதில்."

பெரியப்பாவின் மீசை ஒரு பக்கம் மட்டும் துடித்தது. கூடம் முழுவதும் அந்தப் பழைய மௌனம் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியிலிருந்து எழுந்தால் கல்யாணம் என்ன ஆகும் என்பது அங்கிருந்த தூணுக்கும் தெரியும். பெரியப்பா ஒரு காலை மடக்கி, எழப் பார்த்தார்.

அப்போது கயிறு அறுந்த சத்தம் கேட்டது. வேட்டிகள் மொத்தமும் சரிந்து விழுந்தன. அவற்றின் மேல் நடந்து வந்தாள் வடிவு, அதே கடுகு நிறச் சேலையில், கையில் அரிவாள்மணையோடு.

"உக்காருங்க மாமா!" என்றாள். பெரியப்பா உட்கார்ந்தார். சுவரோரம் நின்ற பரிமாறும் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "ஏய், சோத்துக் கூடையை எடு. நீ சாம்பார். நீ பின்னாலயே நெய். மீரான் அண்ணே, அந்தத் தண்ணியைக் குடிக்கவங்களுக்குக் குடுங்க, கோட்டை கட்டாதீங்க!" அவள் ஒருத்தியே இலை, அவளே சோறு, அவளே ரசம். பந்தி ஓடியது. பசித்துப் பசித்துக் கிடந்த வாய்களுக்கு அவியல் அமிர்தமாக இருந்தது. யாரும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ரச வாளியோடு குனிந்து நிமிர்வதைப் பார்த்தவருக்கு, பழைய நாள் நினைவுக்கு வந்தது. உலகம் எங்கோ போய்விட்டது.

"அண்ணாச்சி, உயிரோட இருக்கீரா?" என்று தேவசகாயம் கேட்டது அவர் காதில் விழவில்லை.

"அண்ணாச்சி! உயிரோட இருக்கீரா?"

விழவில்லை.

தேவசகாயம் பெருமூச்சு விட்டார். மீரான் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். மூலையில் இருந்த குற்றாலிங்கத்தை எழுப்பி, 'வாசல்' அட்டையை ஆவுடையப்பன் கழுத்திலிருந்து கழற்றி அவர் கழுத்தில், ரோஜா மாலைக்கு மேல், மாட்டினார்கள். அட்டை போன பிறகுதான் ஆவுடையப்பனுக்குச் சுயநினைவு வந்தது.

"என்னவே ஆச்சு?"

"நீங்க தவறிட்டீங்க, அண்ணாச்சி," என்றார் மீரான் தேம்பியபடி. "இவருதான் இனி ஆவுடையப்பன்."

ஆவுடையப்பன் தன் வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். விதி விதிதான். குற்றாலிங்கம் சாகும்போது ஒரு நியாயம், தான் சாகும்போது ஒரு நியாயமா?

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா கை கழுவிவிட்டுப் போய் வேலாயுதத்தைக் கட்டிப்பிடித்தார். "சம்பந்தி, இப்படி ஒரு சாப்பாட்டை நான் சென்மத்துல சாப்பிட்டதில்ல!" வேலாயுதத்துக்கு உச்சி குளிர்ந்தது. மென்பொருள் ஓடிவிட்டது! கூடத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் உரக்கக் கேட்டார்:

"எங்கவே ஆவுடையப்பன்? வாரும் மாப்ளே! அடுத்த முகூர்த்தம் உமக்கும் வடிவுக்கும்!"

மாலையும் அட்டையுமாகக் குற்றாலிங்கம் முன்னால் வந்தார்.

"இவரு இல்லவே. ஆவுடையப்பன்!"

"இவருதான் ஐயா ஆவுடையப்பன்," என்றார் ஆவுடையப்பன். "நான் செத்துட்டேன். கொஞ்ச நேரம் ஆச்சு. கண்ணுக்குள்ளயே வச்சிருந்தேன் உங்க மகளை. என்ன செய்ய? கேட்ட நேரத்துல பதில் சொல்லலை."

"எனக்குக் கல்யாணம்னு யாரும் சொல்லலையே," என்றார் குற்றாலிங்கம், மிகவும் கவலையாக. "நானே செத்த ஆளு."

வேலாயுதம் பக்கத்திலிருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வடிவு வாளியோடு வந்தாள். "உயிரோட இருக்க மனுஷன் ஒருத்தன்கூட இந்தக் கம்பெனியில இல்லையா? செத்ததைத் திரும்ப எழுப்ப உங்க புஸ்தகத்துல வழி இல்லையா?"

"இருக்கு," என்றார் ஆவுடையப்பன். "ஆனா அதை இன்னும் கையால செஞ்சு பாக்கலை."

"அப்படியா?" என்றாள் வடிவு. வாளியில் மிச்சமிருந்த ரசம் முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்தாள். ஆறிய ரசம்தான். நெற்றியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டது.

"இப்ப உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்றார் ஆவுடையப்பன். "இருக்கேன், இருக்கேன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். தேவசகாயம் மட்டும் தட்டவில்லை. தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு சிக்கல், அண்ணாச்சி. இப்ப ரெண்டு ஆவுடையப்பன் உயிரோட இருக்கு. ஒரே சேவைக்கு ரெண்டு பிரதி ஓடினா, வர்ற வேலையை ரெண்டுக்கும் மாத்தி மாத்திக் குடுக்கணும்னு இருக்கே?"

"கல்யாணத்தையுமா?" என்றார் குற்றாலிங்கம், வெளுத்துப்போய்.

அண்டாவிலிருந்து வேலாயுதத்தின் முனகல் கேட்டது.

வடிவு கணக்கு டீச்சர் அல்லவா? வாளியைக் கீழே வைத்தாள். "பங்கு போடுறதை நான் போடுதேன். தாலி இவருக்கு. சிரிப்பும் இவருக்கு. வசவு மட்டும் மாத்தி மாத்தி ரெண்டு பேருக்கும்."

நால்வரும் தனியே போய் விவாதித்துவிட்டு வந்தார்கள். விதிக்கு விரோதமில்லை என்று கண்டார்கள்.

"வசவோட காபி உண்டா?" என்றார் குற்றாலிங்கம்.

"உண்டு."

"அப்ப சரி."

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. மென்பொருள் இன்னும் கையால் செய்து பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. மண்டபத்தில் பழைய கம்ப்யூட்டர்தான் ஓடுகிறது, கர்ர்ர்ர், டக்.

குற்றாலிங்கத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. தினமும் சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய், தன் பங்கு வசவை நின்றபடி வாங்கிக்கொண்டு, பிறகு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருகிறார். போன மார்கழியில் ஆவுடையப்பன் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது முழு வசவையும் அவர் ஒருவரே வாங்கினார். ஒரு நாள்கூட அவர் வரவு நிற்கவில்லை.